வெள்ளிவீதி போன வழி

காதலில் ஒரு முறையல்ல, பல முறை ஏமாந்திருக்கிறேன். இருந்தும் ஏக்கம் வற்றவில்லை. ‘போதும், விட்டுடு’ என்கிறார்கள் தோழிகள். விட முடியாத இது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கி, சங்கப் புலவர் வெள்ளிவீதியாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

சங்கத் தொகைகளில் அவர் பெயரில் இருப்பவை 13 பாடல்கள்: குறுந்தொகையில் 8, நற்றிணையில் 3, அகநானூற்றில் 2. கணவனைப் பிரிந்து அவனைத் தேடி அலைந்தவர் என்று படித்திருக்கிறேன். அதற்கு ஆதாரம் என்ன? அகப்பாடலில் காதலர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. அங்கே பேசுகிறவள்தான் பாடியவர் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. தேடிப் பார்த்தால், அந்தக் கதை ஒளவையாரின் ஒரே பாட்டை நம்பி நிற்கிறது. அகநானூறு 147-இல் பிரிவு தாளாத பெண் ஒருத்தி, வெள்ளிவீதியைப் போலத் தானும் கிளம்பத் துணிந்துவிட்டதாகச் சொல்கிறாள். அவ்வளவுதான்.

அங்கேயே நின்றிருப்பேன். ஆனால் வெள்ளிவீதியாரும் தனக்கு முன்னால் ஒருத்தியைப் பார்க்கிறார். அகநானூறு 45-இல் அவருடைய தலைவி, ஆதிமந்தியைப் போல நானும் பித்துப்பிடித்துத் திரிய வேண்டியதுதானா என்று கேட்கிறாள். தன் காதலன் ஆட்டனத்தியைக் காவிரி வெள்ளத்தில் பறிகொடுத்தவள் ஆதிமந்தி. அவள் பெயரிலேயே குறுந்தொகையில் 31-ஆம் பாட்டு இருக்கிறது. வீரர்கள் கூடும் விழாவிலும் பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையிலும் தேடியும் அவனைக் காணவில்லை என்கிற பாட்டு.

இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆதிமந்தியை நினைத்து வெள்ளிவீதி, வெள்ளிவீதியை நினைத்து ஒளவையின் தலைவி. என் ஏக்கம் எனக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்திருந்த பாரம் அன்றே குறைந்தது.

ஆதிமந்தியின் கதை துயரத்தில் முடியவும் இல்லை. மருதி என்பவள் ஆட்டனத்தியை அவளுக்குக் காட்டிவிட்டுக் கடலில் புகுந்தாள் என்கிறார் பரணர் (அகநானூறு 222). சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையில் கடலே அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆதிமந்தி தழுவி அழைத்துப் போகிறாள். வெள்ளிவீதியார் எடுத்துக்கொண்டதோ அவள் பித்தை மட்டும்.

அப்படியானால் அவரிடம் நம்பிக்கையே இல்லையா? குறுந்தொகை 44-இல் நடந்து நடந்து கால் ஓய்கிறது, பார்த்துப் பார்த்துக் கண் மங்குகிறது. எதிர்ப்படுகிறவர்கள் வானத்து மீன்களைவிட அதிகம், தேடியவர்தான் இல்லை. அதே கை எழுதிய 130-ஆம் பாட்டோ, காதலன் மண்ணுக்குள் புகவுமில்லை, வானேறவுமில்லை; நாடு நாடாக, ஊர் ஊராக, வீடு வீடாகத் தேடினால் எப்படித் தப்புவான் என்று அடித்துப் பேசுகிறது.

நான் அதிகம் படிப்பது குறுந்தொகை 146-ஐ. பெண் கேட்டு நரைத்த தலையும் கைக்கோலுமாகப் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். இங்கிருப்பவர்கள் நல்லது நல்லது என்கிறார்கள். பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கிறவர்களும் நம் ஊரில் உண்டு போலிருக்கிறதே என்று தோழி வியக்கிறாள். இதையும் பாடியவர் வெள்ளிவீதியார்தான்.