வந்து சேராத செம்பு

ஸ்வீடன் தேசத்தில் 1644 முதல் 1776 வரை பணத்தின் ஒரு வடிவம் செப்புத் தகடு. வட்ட நாணயம் அல்ல. சுத்தியலால் அடித்துச் சமன் செய்து, சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டிய கனமான தகடு. நான்கு மூலைகளிலும் அரச முடியும் ஆண்டும் பொறித்த முத்திரைகள், நடுவே இத்தனை டேலர் என்று சொல்லும் முத்திரை. பின்புறம் வெறுமை. கிறிஸ்டினா அரசியின் காலத்தில் முதன்முதலாக அடிக்கப்பட்ட பத்து டேலர் தகடு ஏறக்குறைய 19.7 கிலோ எடை. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளைக்குள் இருக்கும் வாயுவின் எடை 14.2 கிலோ என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஒற்றை நாணயத்தின் கனம் புரியும். இதை இடுப்பில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போக முடியாது.

இப்படி ஒரு பணத்தை அடித்ததற்குக் காரணம் பைத்தியக்காரத்தனம் அன்று. ஸ்வீடனிடம் வெள்ளி குறைவு. ஃபாலுன் என்னும் ஊரின் சுரங்கத்தில் செம்போ மிகுதி. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் பெரும்பங்கு அந்த ஒரு மலையிலிருந்து வந்தது. தோண்டியதையெல்லாம் சந்தையில் கொட்டினால் விலை விழுந்துவிடும். ஒரு பகுதியை உள்நாட்டிலேயே பணமாக நிறுத்திவைத்தால் விலை நிற்கும் என்று கணக்கிட்டார்கள். தகட்டில் எவ்வளவு வெள்ளி டேலர் என்று பொறித்திருக்கிறதோ அவ்வளவுக்கான செம்பு அதனுள் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதனால்தான் இந்தக் கனம்.

தூக்க முடியாத பணம் வேறொன்றையும் பெற்றெடுத்தது. தகடுகளை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஈடாகக் காகிதச் சீட்டுக் கொடுக்கும் யோசனை யோகான் பாம்ஸ்ட்ரூக் என்பவருக்குத் தோன்றியது. 1661-இல் அவருடைய ஸ்டாக்ஹோம் வங்கி வெளியிட்ட சீட்டுகளே ஐரோப்பாவின் முதல் வங்கித்தாள்கள். கையிருப்புக்கு மேல் சீட்டு அச்சடித்ததால் சில ஆண்டுகளிலேயே வங்கி கவிழ்ந்தது; பாம்ஸ்ட்ரூக்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது என்பது தனிக் கதை.

இவற்றில் ஒரு தகடு அபிராமபுரத்தில் இருந்தது. சி.பி. ராமசாமி சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடியில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒரு மர பீரோவில், கிழிந்த வேட்டித் துண்டில் சுற்றப்பட்டுக் கிடந்தது. உரியவர் வங்கியில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். பெயர் வேண்டாம், நான் அவரைச் சார் என்றுதான் அழைத்தேன். என்னிடம் தரங்கம்பாடிக் காசுகள் பதினேழு உண்டு. அவரிடம் முந்நூறுக்கு மேல் இருந்தன. எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தவை அந்தக் காசுகளே.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, வங்கத்தின் செராம்பூரோடு சேர்த்து, ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் முதலில் ஈயத்திலும் பிறகு செம்பிலும் சிறு காசுகள் அடித்தார்கள். ஒரு பக்கம் டென்மார்க் அரசனின் முடி சூடிய பெயரெழுத்து. மறுபக்கம் மதிப்பு, ரோமன் எழுத்தில் ‘காஸ்’ என்று. நம் காசுதான். தமிழ்ச் சொல் ஒன்றைத் தன் பெயருக்குப் பின்புறம் சுமந்துகொண்டிருந்த ஐரோப்பிய அரசர்கள் இவர்கள் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சற்றே நிமிர்ந்து உட்காருகிறார்கள். தொல்காப்பியத்துக்கு நிமிராதவர்களும்கூட.

அந்தக் காசு கட்டைவிரல் நகத்தளவு. சாரின் ஸ்வீடன் தகடோ ஒரு சாண் சதுரம். இரண்டு டேலர், 1742 என்று மூலைகளில் தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். அடித்தபோது ஒன்றரைக் கிலோ இருந்திருக்கவேண்டும். இப்போது ஒன்றேகால்தான் நிற்கிறது. மீதியைக் கடல் தின்றுவிட்டது. விளிம்புகள் எலி கறம்பிய அப்பளம் போல இருக்கும். மேல்பரப்பெங்கும் குழிகள், பச்சையும் கறுப்புமாகக் களிம்பு.

டேனிஷ் ஆசியக் கம்பெனியின் கப்பல் ஒன்று கோபன்ஹேகனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டது. கப்பலின் பெயர் நிக்கோபார். டேனிஷ்காரர்கள் 1756-இல் தரங்கம்பாடியிலிருந்து போய் உரிமை கொண்டாடிய தீவுகளின் பெயர். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் நக்கவாரம் என்று வருவதும் அதே இடம். 1783-இல் அந்தக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையருகே குவாயின் பாயின்ட் என்னும் இடத்தில் மோதி உடைந்தது. 1987-இல் அதைக் கண்டுபிடித்தபோது உள்ளே ஏறத்தாழ மூவாயிரம் ஸ்வீடன் தகடுகள் இருந்தன.

டேனிஷ் கப்பலில் ஸ்வீடன் பணம் எதற்கு? அது அப்போது பணமே இல்லை என்பதுதான் விடை. 1776-இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் நாணய முறையை மாற்றியதும் தகடுகள் செல்லாக் காசாயின. செல்லாவிட்டால் என்ன, நல்ல செம்பாயிற்றே! வாங்கிய வணிகன் அவற்றைச் செம்பின் பசி அடங்காத இந்தியாவுக்கு ஏற்றிவிட்டான். இந்தப் பசி பழையது. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் நாகசாகியிலிருந்து ஜப்பானியச் செம்பைக் கொண்டுவந்து பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார்கள். குடம், அண்டா, தவலை, தூக்கு, பஞ்சபாத்திரம், மணி, விக்கிரகம் என்று எத்தனை வந்தாலும் உருக்கி வார்க்க இங்கே கைகள் இருந்தன.

ஆக, நிக்கோபார் ஒழுங்காகக் கரை சேர்ந்திருந்தால் அந்த மூவாயிரம் தகடுகளில் ஒன்றுகூட இன்று இருந்திருக்காது. துறைமுகத்தில் எடை போட்டு விற்று, சில மாதங்களில் கன்னார் உலையில் கரைந்திருக்கும். அதற்கு முன்பும் பின்பும் கரை சேர்ந்த கப்பல்களின் செம்பு அப்படித்தான் போயிற்று. நம் பாட்டிமார் புளி போட்டுத் தேய்த்த ஏதோ ஒரு சொம்பில் ஃபாலுன் மலையின் ஒரு துளி இருக்கலாம். யாராலும் காட்ட முடியாது. சேகரிப்பவன் கையில் இன்று இருப்பது, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுவிட்ட பொருள்.

இதைச் சார் என்னிடம் முதலில் சொன்னபோது எனக்குத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நினைவுக்கு வந்தன. 1905-இல் கிடைத்தவை, முப்பத்தொரு ஏடுகள், சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோக்கப்பட்டவை. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆணை. அதுவும் செப்புத் தகடு, அதற்கும் முத்திரையே உயிர். ஸ்வீடனில் தகடு பணமாயிற்று. இங்கே தகடு நிலமாயிற்று. இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், உலை. எழுத்தறியாத கையில் சிக்கி அண்டாவாகிப்போன செப்பேடுகள் எத்தனையோ. அவற்றோடு போன ஊர்ப்பெயர்களை, ஏரிப்பெயர்களை, எல்லை சொன்ன புளியமரங்களை நினைத்தால் இலக்கியம் படித்தவனுக்கு வயிறு எரியும். ஸ்வீடன் தகட்டில் அப்படி எழுத்தொன்றும் இல்லை. ஒரு பெயர், ஒரு ஆண்டு, ஒரு தொகை. ஆயினும் அந்தச் சிறு எழுத்தை அழிக்கவும் அதே நெருப்புத்தான் வேண்டும்.

சார் தகட்டை வாங்கியது 1999-இல், ஸ்வீடனின் கோதென்பர்க் நகரில். மகன் அங்கே வேலையில் இருந்தார். அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1731-இல் அங்கே தொடங்கிய ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று 1733-இல் நம் பரங்கிப்பேட்டைக்கு வந்து சரக்கிறக்கிப் பண்டசாலை போட்டது. கடலூரின் ஆங்கிலேயரும் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரரும், எப்போதும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிப்பவர்கள், அன்றைக்கு மட்டும் கைகோத்துக்கொண்டு பண்டசாலையைத் தாக்கிச் சரக்கைப் பறித்தார்கள். ஸ்வீடன்காரர்கள் அதன்பின் பெரும்பாலும் சீன வணிகத்தோடு நின்றுகொண்டார்கள். கம்பெனியின் பழைய மாளிகை இப்போது நகர அருங்காட்சியகம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு நாணயக் கடையில் சார் நுழைந்தார்.

கடைக்காரர் இரண்டு தகடுகளைக் காட்டினாராம். ஒன்று கடலைக் காணாதது. முத்திரை ஐந்தும் தெளிவு, காப்பிக்கொட்டை நிறத்தில் பழுப்பேறிய மேற்பரப்பு. மற்றது நிக்கோபார் தகடு, விலை பாதிக்கும் கீழே. சேகரிப்பாளர் உலகில் கடல் தின்ற தகடு இரண்டாந்தரம்தான். சார் இரண்டாந்தரத்தை வாங்கினார். பணம் இல்லாமல் அல்ல. “இன்னொன்று அவர்களுடையது. இது நமக்கு அனுப்பினது” என்றார் என்னிடம். தரத்தை வைத்தே பொருளை மதிக்கும் சேகரிப்பாளர்களோடு எனக்கு என்றுமே ஒத்துப்போனதில்லை. சாரின் கணக்குத்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கோபன்ஹேகனில் ஏற்றிய செம்பு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மீனம்பாக்கத்தில் ஒரு கைப்பையில் வந்து இறங்கியது.

மாமி அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இதை ஏன் இப்படிப் பாசி பிடிக்க விட்டிருக்கா?” செம்பு என்றால் புளி, புளி என்றால் தேங்காய் நார். நான் போகும்போதெல்லாம் இந்த வழக்கு நடக்கும். “ஒரே ஒரு தடவை, ஒரு மூலை மட்டும் தேய்ச்சுக் காட்டறேன்” என்பார் மாமி. சார் பீரோவைப் பூட்டிச் சாவியைப் பூணூலில் கட்டிக்கொள்வதாக நடிப்பார். களிம்பை உரித்தால் முத்திரையின் மிச்சமும் அதோடு வந்துவிடும் என்று நானும் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். மாமி என்னையும் கட்சி மாறியவனாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்.

சார் சென்ற ஆண்டு காலமானார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்ததால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மகன் வந்தார். தரங்கம்பாடிக் காசுகளை என்ன செய்வது என்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. ஆய்வாளர் பயன்படுத்தும் இடத்துக்குப் போகட்டும் என்றார். தகட்டை மட்டும் தன்னோடு கொண்டுபோக விரும்பினார். அவர் ஊரில் இப்படிப்பட்ட தகடு விலைக்குக் கிடைக்கும். ஆனால் அப்பா மடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியது இந்த ஒன்றுதான். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

நான்தான் சட்டத்தைச் சொல்ல நேர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனிமனிதர் தம் விருப்பப்படி நாட்டைவிட்டு வெளியே எடுத்துச்செல்ல முடியாது. “இது எங்கள் ஊர்க் கடையில் வாங்கினது சார்” என்றார். எங்கள் ஊர் என்று அவர் சொன்னது கோதென்பர்க்கை. மாமி ஒருகணம் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பாத்திரங்களை அடுக்கப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் மயிலாப்பூரிலிருந்து பழைய பாத்திரம் எடுப்பவர் வந்தார். மந்தைவெளியில் மாமிக்குப் பார்த்திருந்த வாடகை வீட்டில் அண்டாக்களுக்கு இடமில்லை. கூடத்தில் பித்தளை ஒருபுறம், செம்பு ஒருபுறமாகக் குவிந்துகிடந்தன. நானும் மகனும் தாழ்வாரத்தில் சட்டத்தைப் பற்றியே இன்னும் பேசிக்கொண்டிருந்தோம். பார்ப்பதற்காக வெளியே எடுத்த தகடு ஸ்டூலின் மேல் இருந்தது. கடைக்காரர் அதையும் எடுத்து, இரண்டு தவலைகளோடு சேர்த்துத் தராசில் வைத்துவிட்டார். அவர் செய்ததில் பிழையே கிடையாது. 1783-இல் அந்தக் கப்பல் வந்திருந்தால் ஏதோ ஒரு துறையில் இதே காரியத்தைத்தான் ஒருவர் செய்திருப்பார்.

நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் மாமி அதைத் தராசிலிருந்து எடுத்துவிட்டார். “இது பாத்திரம் இல்லை, அப்பா” என்றார் கடைக்காரரிடம். “செம்புதானேம்மா” என்றார் அவர். “செம்புதான். ஆனா எடைக்கு இல்லை.”

அவர் தவலைகளுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தகடு இப்போது மந்தைவெளி வீட்டில் இருக்கிறது. புது அடுக்ககம் எழுந்ததும் அபிராமபுரத்துக்குத் திரும்பும். மகன் ஆண்டுக்கொரு முறை வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சண்டையில்லாமல்தான் முடிந்தது, ஆனால் முழுச் சம்மதத்தோடு என்று சொல்லமாட்டேன். தனக்குப் பிறகு எவர் கைக்குப் போனாலும் இன்னதென்று தெரியவேண்டும் என்று மாமி என்னை ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். நாடு, ஆண்டு, மதிப்பு, எடை, கப்பல், மூழ்கிய இடம், கண்டெடுத்த ஆண்டு, வாங்கிய கடை என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். பேனாவை என்னிடம் நீட்டி, அடியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: புளி போட்டுத் தேய்க்கக் கூடாது.