அப்புச்சிக்கு வைத்த கரண்ட்

செமஸ்டர் முடிந்தது, ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. பி.காம் படிக்கிறவனுக்கு டாக்டர் வேலை எதுக்குடா என்று கிளாஸில் கேட்பார்கள். கேட்கட்டும்.

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அப்புச்சிக்கு 11 வருடம் முன்பு குரல்வளையில் புற்றுநோய். கோயமுத்தூரில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பது'. ஆபரேஷன் இல்லாமலே நோய் போனது, குரலும் தப்பியது. போன மாதம் மறுபடி குரல் கட்டியது. டாக்டர் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "பழையது திரும்பியிருக்கலாம். ரொம்ப அபூர்வமா, வச்ச கரண்டாலயே புதுக் கட்டி வரும்" என்றார்.

ரிசல்ட் வரும்வரை தூக்கமில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

கதிர், புற்று செல்லின் டி.என்.ஏ.வை உடைத்துக் கொல்கிறது. பக்கத்து நல்ல செல்களுக்கும் அடி விழும். பெரும்பாலும் அவை தங்களைச் சரிசெய்துகொள்ளும். எங்கோ ஒன்று தப்பாகச் சரிசெய்துகொண்டால், பல வருடம் கழித்துக் கட்டியாகலாம். குரல்வளையில் வழக்கமாக வரும் புற்று, உள்பக்கத் தோலில் தொடங்குவது. கதிரால் வருவது பல சமயம் சார்கோமா, அதாவது தசை, குருத்தெலும்பு, நார்த்திசுவில் தொடங்குவது.

1948-ல் நியூயார்க் டாக்டர் கேஹனும் சகாக்களும் எலும்பு சார்கோமாவுக்காகச் சில விதிகள் எழுதினார்கள். கட்டி கதிர் பட்ட இடத்திலேயே வரவேண்டும், பழைய கட்டியின் ரகமாக இருக்கக்கூடாது, நடுவில் சில வருடமாவது (அவர்கள் கணக்கில் 5) இடைவெளி வேண்டும். இன்றும் அதையொட்டித்தான் பார்க்கிறார்கள். தலை, கழுத்தில் கதிர் வாங்கியவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இந்த சார்கோமா வருவதில்லை.

எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. வரலாம், வராமலும் போகலாம். அதனால் பேலன்ஸ் ஷீட் கூட்டலில் சேர்க்காமல் அடியில் குறிப்பாக எழுதுவோம். அதற்காகக் கடையை மூடுவதில்லை. குறிப்பை மறப்பதும் இல்லை.

ரிசல்ட் வந்தது. கட்டி இல்லை, கதிரால் இறுகிய திசுவும் வீக்கமும்தான். அம்மிச்சி அன்றே பண்ணாரிக்குக் கிளம்பிவிட்டார்.

இதை எழுதக் காரணம் பக்கத்துத் தோட்டத்து மாமா. பீடி பிடிப்பவர். அவருக்கும் இப்போது தொண்டையில் அதே நோய். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "கரண்டு வச்சா வேற கேன்சர் வருதாமா, எனக்கு வேண்டாமுங்க" என்று வந்து நின்றார். அப்புச்சி கரகரத்த குரலில் சொன்னார்: "ஏனப்பா, வைக்காம இருந்திருந்தா இந்தப் பதினோரு வருசம் உன்கூட யாரு பேசியிருப்பா?"

மாமா திங்கட்கிழமை கோயமுத்தூர் போகிறார். பீடியையும் விடச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் எப்போதோ கரண்ட் வைத்தவர் இருந்தால், எத்தனை வருடம் ஆனாலும் செக்கப்பை நிறுத்தாதீர்கள். குரல் மாறி மூன்று வாரம் தாண்டினால் சளி என்று விட்டுவிடாதீர்கள்.