மெழுகு எரிந்த ராத்திரி

வெப்பமானியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மைனஸ் ஒன்று. இன்னும் அரை டிகிரி இறங்கினால் பற்றவைத்துவிடலாம்" என்றார் தோட்டத்துக்காரர். ஏப்ரல் முதல் வாரம், அதிகாலை இரண்டு மணி. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டும் எனக்குப் பல் தந்தியடித்தது.

பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டரில், செரேன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஷாப்லி. பர்கண்டி வட்டாரத்தின் வடகோடி. ஷாப்லி என்ற பெயரில் விற்பதெல்லாம் வெள்ளை ஒயின்தான். அதுவும் ஷார்டொனே என்ற ஒரே திராட்சையில் செய்தது. குடித்துப் பார்க்க வந்தவன் நான். குடிக்கும் முன் ஒரு ராத்திரி தோட்டத்தில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கொடி வரிசைகளுக்கு நடுவே பெயின்ட் டப்பா அளவில் தகர டின்கள். உள்ளே பாரஃபின் மெழுகு. ஹெக்டேருக்கு 300, 400 டின் வைப்பார்களாம். கேஸ் டார்ச்சோடு முன்னால் குனிந்து போனது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. நான் பின்னாலேயே மூடிகளைத் திறந்துகொண்டு போனேன். கம்பம் பள்ளத்தாக்கில் கொடி பந்தலில் படரும். அண்ணாந்து நின்று கழுத்து வலிக்க வேலை. இங்கே கொடி முழங்கால் உயரம். பத்தாவது டின்னிலேயே என் இடுப்பு விட்டுப்போயிற்று. அவருக்குக் குளிர்காலம் முழுக்க இதே குனிவுதான். கவாத்து செய்த குச்சிகளைச் சக்கரம் மாட்டிய பாதி டிரம்மில் போட்டு எரித்தபடியே வரிசை வரிசையாக நகர்வாராம். அந்தச் சூட்டில்தான் விரல் மடங்கும் என்று கையை விரித்துக் காட்டினார்.

மொட்டு வெடித்துப் பஞ்சு தெரிகிற பருவம் இது. உறைபனி பட்டால் மொட்டு கருகிவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த மெழுகுச் சூடு. கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பாதிப்பும் அங்கேதான் அதிகம். எதிர்ச்சரிவில் மெழுகுக்குப் பதில் தண்ணீர் தெளித்தார்கள். நீர் உறையும்போது விடுகிற வெப்பம் மொட்டைப் பூஜ்யத்தை ஒட்டியே வைத்திருக்கும். பனிக்கட்டியைப் போர்த்திப் பனியிலிருந்து காப்பது! பாதியில் மோட்டார் நின்றால் தெளிக்காததைவிட மோசம்.

"விடியும்போது அணைத்துவிடாதீர்கள். அப்போதுதான் குளிர் அடிமட்டத்துக்குப் போகும்" என்றார் அந்த அம்மா. 1957 உறைபனி அவர் பிறப்பதற்கு முந்தியது. நேற்று நடந்ததுபோலச் சொன்னார். 1950களில் இங்கே சாகுபடி 500 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. இன்று ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2021 ஏப்ரலிலும் பனி விடவில்லை.

காலை எட்டு மணிக்கு, புகை படிந்த முகத்தோடு நிலவறையில் உட்கார்ந்தோம். சீஸ் சேர்த்து உப்பலாகச் சுட்ட குழேர் ஒரு தட்டு நிறைய. முதல் வாய் ஒயினில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், மழையில் நனைந்த கல். அந்தக் கல்லுக்கு விளக்கமாகத் தோட்டத்துக்காரர் மேஜைமேல் ஒரு கல்லையே வைத்தார். காற்புள்ளி போல வளைந்த குட்டிச் சிப்பிகள், 15 கோடி ஆண்டுப் பழசு, அதில் பதிந்திருந்தன. சிப்பியின் ருசியை வேர் உறிஞ்சித் தருகிறது என்பது விற்பவர்களின் கதை. எனக்கு நம்பிக்கையில்லை, மண்ணியல் அறிஞர்களும் ஒப்புவதில்லை. குளிர்ப் பிரதேசத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு குறையாமல் தங்கும். நாக்கில் சுரீரென்று ஏறியது அந்தப் புளிப்பு. ராத்திரி முழுக்க யாரை விரட்டினோமோ அவன் கொடுத்ததுதான்!

இன்னும் ஜில்லென்று வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார்கள். 10, 11 டிகிரிக்குக் கீழே போனால் மணம் செத்துவிடுமாம். நீங்களும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் கழித்து ஊற்றுங்கள். கிராண்ட் க்ரூ என்ற விலை கூடின உச்சத் தரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். லேபிளில் வெறும் ஷாப்லி என்றிருந்தால் போதும்.

எங்கள் சரிவில் பத்து மொட்டுக்கு இரண்டு கருகியிருந்தது. அன்றிரவும் மைனஸ்தான் என்றது வானிலை அறிக்கை. அந்த அம்மா டின்களுக்கெல்லாம் மூடி போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.