பிஸ்கட் பேணிக்குள் இருந்த ஈயப் படை

துவக்குப் பொம்மை எதுவும் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது நான் போட்டிருந்த சட்டம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனத்தில் நானும் ஒருத்தி. 2001இல் இங்கிலாந்துக்கு வந்து நொட்டிங்ஹாம் நகரில் குடியேறினோம். மகன் இங்கேதான் பிறந்தான். கோயில் திருவிழா, பனங்கிழங்கு, கிணற்றடி என்று ஊரைப் பற்றி அவனுக்கு எல்லாம் சொன்னேன். யுத்தத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

2014இல் அவனுக்குப் பன்னிரண்டு வயது. பழைய சாமான் விற்கும் கடையொன்றில் மூன்று பவுண் கொடுத்து ஒரு பிஸ்கட் பேணியை வாங்கி வந்தான். திறந்தால் உள்ளே விரல் நீளம்கூட இல்லாத சிப்பாய்கள். கவச உடுப்பு, கைகளில் விசித்திரமான துவக்குகள். ஒன்றைக் கையில் எடுத்தேன். அந்தச் சின்ன உருவத்துக்கு அவ்வளவு பாரம். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்து ஐயா தோண்டி எடுத்த சன்னம் நினைவுக்கு வந்தது. "இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!" என்று கத்திவிட்டேன்.

அவன் போடவில்லை. கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டான். இரண்டு கிழமை எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. பிறகு ஒருநாள் அவனாகவே வந்தான். "அம்மா, இது நடந்த சண்டை இல்லை. எத்தினையோ ஆயிரம் வருசத்துக்குப் பிறகு நடக்கிற கற்பனைக் கதை. இதைச் செய்தது எங்கட ஊரிலதான்" என்றான். அவனுடைய "எங்கட ஊர்" நொட்டிங்ஹாம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அவன் சொன்னது சரிதான். றிக் பிறீஸ்ட்லி எழுதிய 'றோக் ரேடர்' என்ற விதிநூலோடு 1987இல் தொடங்கியது வார்ஹாமர் 40,000 என்ற மேசை விளையாட்டு. அதை வெளியிட்ட கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனத்தின் தலைமையகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. அக்காலத்து உலோகச் சிப்பாய்களை ஈயக் கலவையில் வார்த்தார்கள். 1997இல்தான் ஈயமில்லாத உலோகத்துக்கு மாறினார்கள். கலைஞர்கள் கையால் வடித்த அந்தப் பழைய முகங்களுக்காகவே இன்றும் பலர் அவற்றைத் தேடிச் சேர்க்கிறார்கள்.

எங்கள் பேணியில் இருந்தவற்றுக்கு யாரோ தடிப்பாகப் பச்சைப் பெயின்ற் பூசியிருந்தார்கள். அதை நீக்க டெட்டோலில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டுமாம். சின்னப் பிள்ளை தனியே செய்யக்கூடாது என்று நானும் கூட இருந்தேன். கையுறை போட்டு, யன்னலைத் திறந்து வைத்து, பழைய பல் பிரஸ்ஸால் டெட்டோலிலேயே தேய்த்தோம். இடையில் தண்ணீர் பட்டால் பெயின்ற் தார் போல ஒட்டிக்கொள்ளும். முழுவதும் கழன்ற பிறகுதான் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம். ஈயம் என்பதால் அராவவில்லை, சாப்பாட்டு மேசையில் வைக்கவில்லை, பிரஸ்ஸின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கவும் அவனை விடவில்லை. வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவினோம்.

அறை முழுக்க ஆஸ்பத்திரி மணம். அந்த மணத்தில்தான் என் வாய் திறந்தது. ஷெல் பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து இறந்துபோன என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கும் அப்போது பன்னிரண்டு வயது. மகன் தலை நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே கேட்டான். நானும் தேய்த்துக்கொண்டே சொன்னேன். முகம் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திராது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வர்ணம் பூசினோம். முதலில் அடிப்பூச்சு. பிறகு பெயின்ற்றைத் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிசாக இரண்டு தரம் பூச வேண்டும். அது காய்ந்ததும் கடும் நிறத்தை நீர்த்தன்மையாக விட்டால் பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும். சிப்பாய்களில் ஒருவனுக்குக் கால் உடைந்திருந்தது. வீசிவிடலாம் என்றேன். மகன் மறுத்துவிட்டான். சின்னத் துளை போட்டு, கம்பி செருகி, செயற்கைக் கால் ஒன்று செய்து நிறுத்தினான். ஊரில் செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடுகிற பெண்களைப் பற்றி அன்றைக்குச் சொன்னேன்.

விஞ்ஞானக் கதைகள் எழுதிய எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுவதற்கு ஒரு நூல் எழுதினார். இதை நாலு தரம் விளையாடினால் உண்மையான யுத்தம் எவ்வளவு மடத்தனமானது என்று விளங்கும் என்பது அவருடைய வாதம். அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தம் வந்துவிட்டது. பொம்மைகள் யுத்தத்தை நிறுத்தும் என்று நான் நம்பவில்லை. துவக்குப் பொம்மையை இன்றும் எனக்குப் பிடிக்காது.

ஆனால் சகோதரிகளே, பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாமல் எங்களுக்குள் கிடப்பவை எத்தனையோ. கைக்கு ஒரு வேலையும் பக்கத்தில் பிள்ளையும் இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அது பொம்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பூத் தொடுப்பதாகவோ அரிசி புடைப்பதாகவோ இருக்கலாம்.

மகன் இப்போது வேலைக்குப் போகிறான். அந்தப் பேணி என்னிடம்தான் இருக்கிறது. பூசாத சிப்பாய்கள் அதில் இன்னும் ஏழு பேர்.