கடல் வழிவிடும் நேரம்: பிரான்சில் ஒரு மாணவப் பயணம் – 4

வேனின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதம்தான் எங்கள் இரண்டு நாளையும் ஆண்டது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற கணக்கு அதில் இருந்தது. பக்கத்தில் ஓர் எண்: 95. ஓதத்தின் வலுவை இங்கே 20 முதல் 120 வரையிலான எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூடக் கடல் விலகுவதும் அதிகம், ஏறுவதும் அதிகம். புதுச்சேரியில் வளர்ந்த எனக்கு இது புதிது. எங்கள் கடல் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே பெரிது. மோன் சேன் மிஷெல் வளைகுடாவில் பெரிய ஓத நாட்களில் அந்த வித்தியாசம் 14 மீட்டரை எட்டுகிறது. நாலு மாடி உயரத் தண்ணீர் வந்து போகிறது என்றால் நம்ப முடிகிறதா?

ரென் நகரிலிருந்து வடக்கே போகும் சாலையில் மரவேலி கட்டிய சிறு வயல்களும் ஆப்பிள் தோப்புகளும் கடந்துபோயின. ழெனே ஊர்க் கரையில் எங்களை இறக்கிவிட்டு, வேன் ஓட்டிய மூத்த மாணவர் சாலை வழியே சுற்றி வரப் போனார். நாங்கள் பதினொரு பேரும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம். எதிரே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் ஈரமணல். அதன் கோடியில் பாறைமேல் மோன் சேன் மிஷெல் மடாலயம், சாம்பல் நிறத்தில், விரல் நுனி அளவுக்குத் தெரிந்தது.

வழிகாட்டி இல்லாமல் இந்த மணலில் இறங்கக் கூடாது. எங்களுக்கு வந்த அம்மா அறுபதைத் தாண்டியவர், கையில் ஒரு கம்பு. ஓரிடத்தில் நிறுத்தி, இருந்த இடத்திலேயே காலால் மிதிக்கச் சொன்னார். கெட்டியாக இருந்த தரை கூழ்போலத் தளும்பத் தொடங்கியது. கொலம்பியத் தோழி முழங்கால் வரை போய்விட்டாள். பயந்து காலை நேரே இழுத்தால் மணல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை மெல்ல அசைத்து, தண்ணீர் உள்ளே இறங்க இடம்கொடுத்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவள் அப்படித்தான் வெளியே வந்தாள். பதினோராம் நூற்றாண்டின் பாயோ திரைச்சீலையிலேயே இந்தப் புதைமணல் தைக்கப்பட்டிருக்கிறது: சிக்கியவர்களை, பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஹெரால்ட் தூக்கி மீட்கும் காட்சி. நம் கால் நிற்கும் இடத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் ஒருவர் திணறியிருக்கிறார் என்று நினைத்தபோது உள்ளங்கால் கூசியது.

தோம்பெலேன் என்ற ஆளில்லாப் பாறைத்தீவைக் கடந்து, முழங்கால் ஆழ ஆற்றில் இறங்கினோம். செப்டம்பர் இறுதித் தண்ணீர் எலும்பைக் குத்தியது. கோட்டை வாசலை அடைந்தபோது மணி ஒன்றரை. அவ்ரான்ஷ் ஆயர் ஒபேர் 708-இல் தேவதூதர் மிக்கேலுக்குக் கோயில் எழுப்பிய பாறை இது என்பது மரபு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1863 வரை சிறைச்சாலையாகவும் இருந்தது. மேலே கூட்டம் நெருக்கியது. நடந்து வந்த மணல்தான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1879-இல் கரையோடு சேர்த்துப் போட்ட மேட்டுச்சாலை, நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்றது. வண்டல் சேர்ந்து சேர்ந்து, பாறையைச் சுற்றிய கடல் புல்வெளியாகிக்கொண்டிருந்தது. அதனால் குவெனோன் ஆற்றில் 2009-இல் புது மதகு அமைத்து, வண்டலை வெளியே தள்ள வைத்தார்கள். 2014-இல், அடியில் தண்ணீர் ஓடும்படி தூண்கள்மேல் பாலம் திறந்தார்கள். பழைய சாலையை அகற்றிவிட்டார்கள். கடலுக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை! அதைப் பார்த்ததில் எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

மறுநாள் கான்கால். கடல் வற்றிய தரையில் டிராக்டர்கள் சிப்பி வயலுக்குப் போய்வந்தன. எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டு, ஓட்டைக் கரையிலேயே போடுவது அங்கே வழக்கம்.

பிற்பகல் சேன் மாலோ. 1944 ஆகஸ்டில் பெரும்பகுதி எரிந்து இடிந்து, கல்லாலேயே மீண்டும் கட்டியெழுப்பிய மதில் நகரம். 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த லா பூர்தொனே பிறந்தது இங்கேதான். அந்தச் செய்திகளையெல்லாம் எங்கள் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் பெயர் கொண்ட வீதி வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். மதில்மேல் நடந்தபோது, பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த லா பூர்தொனே உப்புக்காற்றோடு ஓர் ஊர்க்காரராகிவிட்டார்.

மதிலுக்கு வெளியே கிரான் பே தீவு. வற்றம் இருக்கும்போது மட்டும் நடந்து போகலாம். எழுத்தாளர் ஷாத்தோப்ரியானின் கல்லறை அங்கே கடலைப் பார்த்திருக்கிறது: ஒரு சிலுவை, பெயர் இல்லை. வியட்நாம் தோழன் ஏதும் பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். வேனிலிருந்து கையோடு எடுத்து வந்த ஓதக் காகிதத்தைப் பார்த்து அவனை எழுப்பினேன்.

இறங்கும்போதே பாதைக் கற்களின் இருபுறமும் தண்ணீர் வந்திருந்தது. கரையேறித் திரும்பினோம். நாங்கள் மிதித்து வந்த கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசிக் கல்மேல் ஒரு கடற்காகம் நின்றது, பிறகு அதுவும் பறந்தது.