பனிமலைக்கு எத்தனை மைல்?

குடியிருக்க இடம் தேடும்போது நீங்கள் என்னென்ன விசாரிப்பீர்கள்? கிணற்று ஜலம் உப்பா, நல்ல ஜலமா? பள்ளிக்கூடம் நடக்கிற தூரமா? பக்கத்தில் கோயில், கறிகாய்க் கடை உண்டா? அவ்வளவுதானே! அமெரிக்காவில் இருக்கும் என் பெண் முதலில் விசாரித்தது, "பனிமலைக்கு எத்தனை மைல்?" என்று.

சிரிக்காதீர்கள். மார்கழிக் கச்சேரிக்கு நடந்தே போய் வரலாம் என்பதற்காக மயிலாப்பூரை விட்டு நகர மறுக்கும் குடும்பங்கள் நம்மிடம் இல்லையா? எங்கள் குடும்பமே அந்த ரகந்தான். அவளுக்குச் சங்கீதத்தின் இடத்தில் பனிச்சறுக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். மிச்ச நாட்களில் சமையல், துணிமணி, ஐந்து வயதுப் பிள்ளை. "வாரத்திலே அரை நாள், அதுதாம்மா எனக்கே எனக்குன்னு இருக்கிறது" என்பாள். காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு மலையிலிருந்து வழுக்கி இறங்குவதில் என்ன சுகமோ, நான் அறியேன். அந்த அரை நாளின் அருமை எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்கு டென்வர், ஸால்ட் லேக் ஸிட்டி என்று இரண்டு ஊர்களில் வேலை கிடைத்தது. எந்த ஊர் என்பதுதான் கேள்வி.

டென்வர் கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல் உயரம். படங்களில் பார்த்தால் மலைகள் கொல்லைப்புறத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். ஆனால் பேர்பெற்ற சறுக்கு மலைகளில் பல உள்ளே தள்ளி இருக்கின்றன. பிரெக்கன்ரிட்ஜ் சுமார் 80 மைல். 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, 11,000 அடி உயரத்தில் மலையைக் குடைந்து 1973-இல் திறந்த ஐஸன்ஹோவர் குகைப்பாதை வழியே போகவேண்டும். சாதாரண நாளில் ஒன்றரை மணி. சனிக்கிழமை காலையிலோ ஊரே அந்த ஒற்றைச் சாலையில்! பொங்கலுக்கு முதல் நாள் தாம்பரம் தாண்டியிருக்கிறீர்களா? அதே கதைதான். குளிர்காலத்தில் வின்டர் பார்க் என்ற மலைக்கு ரயிலும் விடுகிறார்கள். அதற்கும் போக மட்டும் இரண்டு மணி பிடிக்கும். அரை நாளில் எங்கே போய் எங்கே திரும்புவது?

இடையில் ஒரு விஷயம். 1976-ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக்ஸ் டென்வருக்குத்தான் கிடைத்திருந்தது. கொலராடோ ஜனங்கள் 1972-இல் ஓட்டுப் போட்டு, "எங்கள் வரிப்பணத்தைத் தரமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். போட்டி ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகருக்குப் போயிற்று. குடும்பம் நடத்தத் தெரிந்த ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸால்ட் லேக் ஸிட்டி 2002-இல் அதே ஒலிம்பிக்ஸை நடத்திய ஊர். 2034-லும் அங்கேதான். ஊரின் கிழக்கெல்லையே வாஸாட்ச் மலைத்தொடர். ஆல்டா என்ற மலை சுமார் 30 மைல். வழி நன்றாக இருந்தால் ஒரு மணிக்குள் போய்விடலாம். அங்கே வருஷத்துக்குச் சராசரியாக 500 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டுகிறது! பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய், மணி அடிப்பதற்குள் திரும்பிவிடலாம். பனி அதிகமாகப் பெய்தால் மட்டும் சாலையை மூடிவிடுவார்கள். சரிந்து விழக்கூடிய பனியை வெடி வைத்து முன்கூட்டியே சரித்துவிட்ட பிறகுதான் வழி திறக்கும். மேலே இருப்பவர்கள் அதுவரை கட்டடத்தை விட்டு வெளியே தலை காட்டவும் கூடாது. அது சட்டம்.

பிறகென்ன, ஸால்ட் லேக்தானே என்கிறீர்களா? பேரனுக்கு இளைப்பு உண்டு.

அந்த ஊர் இரு பக்கமும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணம். குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில் குளிர்ந்த காற்று கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான், மோட்டார்ப் புகை, அடுப்புப் புகை எல்லாம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சில சமயம் இரண்டு நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல். காற்று மிகவும் கெட்ட நாட்களில் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை விளையாட வெளியே விடமாட்டார்கள். பனியைத் தரும் அதே மலை புகையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, பாருங்கள்!

மாப்பிள்ளை நல்லவர். "டென்வருக்கே போவோம், சறுக்குவதை விட்டுவிட்டால் போகிறது" என்றார். எதை விடுவது என்று யோசிக்கும்போது, அவருடைய சனிக்கிழமை கிரிக்கெட் ஏனோ அவர் நினைவுக்கு வரவில்லை. டென்வர்க் காற்றும் பன்னீர் தெளித்ததல்ல. அங்கே கோடையில் ஓஸோன் உபத்திரவம்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று டெலிபோனில் கேட்டாள். "வீடு வாங்காதே. ஒரு வருஷம் வாடகைக்கு இரு. அதுவும் மேட்டிலே பார்" என்றேன். டாக்டரும் அதையே சொன்னாராம்.

கிழக்குச் சரிவில், பள்ளத்தாக்கின் தரையைவிட உயரத்தில் ஒரு வீடு அகப்பட்டது. வாடகையைக் கேட்டால் எனக்கே மூச்சு முட்டுகிறது. பேரன் அறையில் காற்றைச் சுத்தம் செய்யும் யந்திரம் இராப்பகலாக ஓடுகிறது. ஜனவரியில் புகை மூடிய நாட்களில் ஊர் முழுவதும் சாம்பல் நிறம். மலைக்கு ஏறினால் அங்கே பளீரென்று வெயில், நீல வானம். மூடி காலுக்குக் கீழே கிடக்கிறது! டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மூக்கைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டி, அந்த நாட்களில் பேரனையும் அழைத்துப் போகிறாள். அவனும் கோழிக்குஞ்சு மாதிரி தத்தித் தத்திச் சறுக்கப் பழகுகிறான். அவளுடைய அரை நாளில் அவனுக்கும் ஒரு பங்கு போய்விட்டது. அதைப்பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சமையலறைக் காலண்டரில் மலைக்குப் போன நாளுக்கு ஒரு வட்டம், பேரனுக்கு இளைத்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வருகிறாள். மார்ச்சில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவதாக மாப்பிள்ளையுடன் ஒப்பந்தம். ஜனவரித் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன்: வட்டம் ஆறு, பெருக்கல் நான்கு.

பிப்ரவரி இன்னும் பாக்கி இருக்கிறது.