கொல்கத்தா தம்தம் ஏர்போர்ட் போற வழியில...

லேக் மார்க்கெட்ல மஞ்சள் டாக்ஸி ஏறி ஒன்றரை மணி நேரம் ஆச்சு.
ஏர்போர்ட் இன்னும் வரல.
டிரைவர் தாதா டீ குடிக்க நிறுத்தலாமான்னு கேக்கறார்!

இங்கேர்ந்து சென்னை ஆகாய வழியா 1,400 கி.மீ. கிட்ட. ரெண்டரை மணி நேரம்.
கோரமண்டல் எக்ஸ்பிரஸ்னா 1,650 கி.மீ.க்கு மேல, முழுசா ஒரு நாள். ஆனா காலைல கோதாவரிப் பாலம் வரும்.
விமானத்துல? மேகம். எட்டிப் பார்த்தா கழுத்துவலி.

"ரெண்டரை மணி நேரந்தானேடா, மாசம் ஒருதடவை வந்தா என்ன?"ன்னு அம்மா.
நான் ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சு.

அம்மாவுக்குன்னு மடியில சந்தேஷ் ஸ்வீட் டப்பா. ஏறும்போது பன்னெண்டு.
இப்ப ஒம்பது.

கொல்கத்தா மக்களே, ஊர் தூரத்தை நீங்க எதுல அளக்கறீங்க?
கிலோமீட்டர்லயா, சந்தேஷ்லயா?